பிள்ளைகள் தூங்கிய பிறகு படிக்க சஸ்பென்ஸ் நாவல்கள்: புதிதாக யாரைப் படிக்கலாம்?

இரவுவாசகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஐந்து வயதில் ஒரு பையன், கைக்குழந்தையாக ஒரு பெண். கல்லூரிக் காலத்தில் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் மூவரையும் கிடைத்த வரைக்கும் படித்தவள். அவர்கள் கதைகளில் துப்பறியும் விவேக்-ரூபலா, நரேந்திரன்-வைஜயந்தி, பரத்-சுசீலா என்று எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல எனக்குப் பழக்கம். நடுவில் சில வருடங்கள் படிப்பே விட்டுப்போயிற்று. இப்போது மறுபடி ஆரம்பிக்கிறேன். புதுப் பெயர்கள் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், முன்பு படித்த மாதிரி இப்போது படிக்க முடிவதில்லை. பாப்பா தோளில் தூங்கும்போது பத்து நிமிடம், பையனுக்கு வேன் வரும்வரை வாசலில் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்துத் திரும்ப எடுத்தால் யார் யாருக்கு மைத்துனன், யார் கையில் சாவி இருந்தது என்பதெல்லாம் மறந்துவிடுகிறது. இன்னொன்று, குழந்தையைக் கடத்துவது, கொல்வது மாதிரிக் காட்சிகளை இப்போது என்னால் படிக்கவே முடியவில்லை. முன்பு இதையெல்லாம் சாதாரணமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது மூடி வைத்துவிட்டு, எழுந்து போய்ப் பிள்ளைகள் மூச்சு விடுகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்க முடிகிறது.

தமிழ் என்றால் சந்தோஷம். ஆங்கிலமும் படிப்பேன். உங்களுக்குப் பிடித்தவர்களைச் சொல்லுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கோவைக்காரன் எழுதியது:

ராஜேஷ்குமாரையே தொடருங்கள், சகோதரி. 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியிருக்கிறார், எல்லாவற்றையும் நிச்சயம் படித்திருக்க மாட்டீர்கள். கிண்டிலிலும் நிறைய வந்துவிட்டன. எங்கள் ஊர்க்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த வேகம் வேறு யாருக்கும் வராது.

பைண்டுபுத்தகம் எழுதியது:

கோவைக்காரன் சொல்வதை நான் மறுக்கவில்லை. வேகத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இரவுவாசகி கேட்பதற்கு அந்த வேகமே இடைஞ்சல். மாத நாவல் என்பது ஒரே மூச்சில் படித்து முடிப்பதற்காக எழுதப்பட்டது. ராத்திரி ரயிலில் ஏறினால் ஊர் வருவதற்குள் முடிந்துவிட வேண்டும் என்ற கணக்கு. அதிலும் ராஜேஷ்குமார் இரண்டு தனித்தனி டிராக்கில் கதையை ஓட்டி, கடைசியில்தான் ஒன்றாகச் சேர்ப்பார். அதை நான்கு நாளுக்குப் பிரித்துப் படித்தால் சுவை பாதி போய்விடும். குழந்தை நடுவில் எழுந்தால் முதல் டிராக்கில் செத்தது யார் என்றே சந்தேகம் வந்துவிடும்.

அதனால் என் யோசனை இது. எழுத்தாளர் பெயரை வைத்துத் தேடாதீர்கள். அந்த நாவல் முதலில் எந்த வடிவத்தில் வெளிவந்தது என்று பாருங்கள். வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்த சஸ்பென்ஸ்தான் பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தோதானது. தொடர்கதை எழுதுகிறவருக்கு, வாசகர் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பி வருவார் என்று தெரியும். நடுவில் அந்த வீட்டில் கல்யாணம் நடந்திருக்கலாம், யாருக்காவது ஜுரம் வந்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு வாரமும் முதல் பத்தியிலேயே ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், என்ன பயத்தில் நிற்கிறார்கள் என்பதைப் பேச்சுவாக்கில் ஞாபகப்படுத்திவிடுவார். ஒரே அத்தியாயத்தில் கூட்டமாக ஆட்களை இறக்க மாட்டார். கடைசி வரியில் ஒரு கொக்கி இருக்கும். நீங்கள் பத்து நிமிடத்தில் படித்து முடிக்கிற அளவில்தான் ஒவ்வொரு அத்தியாயமும் இருக்கும், ஏனென்றால் பத்திரிகையில் அதற்கு மேல் இடம் கிடையாது.

சுஜாதாவில் ஆரம்பியுங்கள். நீங்கள் குறிப்பிட்ட பட்டியலில் அவர் இல்லாததைக் கவனித்தேன். 'கொலையுதிர் காலம்' குமுதத்தில் தொடராக வந்தது. வக்கீல்கள் கணேஷும் வசந்தும் ஒரு சொத்து விஷயமாக ஒரு பெரிய பழைய வீட்டுக்குப் போகிறார்கள், அங்கே நடப்பது பேயா மனிதனா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை ஒவ்வொரு வாரமும் ஒரு பக்கம் சாய்த்து, அடுத்த வாரம் மறுபக்கம் சாய்க்கிறார். 'கரையெல்லாம் செண்பகப்பூ' இன்னொன்று. நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமத்துக்கு வரும் கல்யாணராமன் பாழடைந்த ஜமீன் மாளிகையில் தங்குகிறான். கதை நடுநடுவே வரும் நாட்டுப்பாடல்களுக்காகவே படிக்கலாம். 'ஆ' இருக்கிறதே, அதில் ஒவ்வொரு அத்தியாயமும் 'ஆ' என்ற எழுத்திலேயே முடியும். வாரக் கொக்கியையே ஒரு விளையாட்டாக்கிக் காட்டியிருக்கிறார்.

என் மாமனார் வீட்டுப் பரணில் இப்படித் தொடர்களைப் பத்திரிகையிலிருந்து கிழித்து, நூல் வைத்துத் தைத்து, காலிகோ துணி போட்டு பைண்டு செய்த புத்தகங்கள் இருக்கின்றன. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஜோக், பின்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம், நடுவில் ஓவியர் ஜெயராஜின் படம். ஒரு வாரத்துப் பக்கம் கிடைக்காமல் போனதால், அந்த இடத்தில் மாமியார் நோட்டுப் பேப்பரில் கதைச் சுருக்கத்தை நீலமையில் எழுதி ஒட்டியிருக்கிறார். கையில் பிள்ளையோடு படித்த ஒரு தலைமுறை முழுவதும் தொடர்கதையை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறது.

புத்தகக் கடையில் ஒன்று செய்யுங்கள். ஐந்தாவது அத்தியாயத்தைத் திறந்து முதல் பக்கத்தை மட்டும் படியுங்கள். முன்கதை தெரியாமலே யார், என்ன சிக்கல் என்பது ஓரளவு பிடிபட்டால் அந்தப் புத்தகத்தை வாங்கலாம்.

இரவுவாசகி எழுதியது:

பைண்டுபுத்தகம் அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. எனக்கு ஏன் பாதியில் நின்றுபோகிறது என்பது இப்போதுதான் புரிகிறது. சுஜாதாவின் சிறுகதைகள், 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' எல்லாம் படித்திருக்கிறேன், கணேஷ்-வசந்த் பக்கம் எப்படியோ போகவே இல்லை. அந்த நோட்டுப் பேப்பர் சுருக்கத்தைப் படம் பிடித்துப் போட முடியுமா?

குழந்தை விஷயத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். அட்டைக் குறிப்பைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடிவதில்லை.

தேநீர்ஜன்னல் எழுதியது:

நான் இரண்டு பிள்ளைகளின் தாய், ஆங்கிலத்தில்தான் அதிகம் படிப்பேன். குழந்தை விஷயத்தில் அட்டையை நம்பவே கூடாது. அகதா கிறிஸ்டி என்றால் தேநீர், தோட்டம், பாதிரியார் என்று நினைப்போம். 1934-இல் வந்த 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' நாவலின் அடியில் இருப்பது ஒரு சின்னக் குழந்தையைக் கடத்திக் கொன்ற வழக்கு. 1932-இல் அமெரிக்காவில் விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்டதை வைத்து எழுதியது. இது கதையில் முன்னாலேயே வந்துவிடும், அதனால் முடிவைக் கெடுக்கவில்லை. ஆனால் அது எப்போதோ நடந்து முடிந்த சம்பவமாக, ஒருவர் சொல்லக் கேட்பதாக வருகிறது. எனக்கு அது தாங்கும். கண்ணெதிரே நடப்பதாக எழுதினால் தாங்காது. உங்களுக்கும் இந்த வித்தியாசம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

மேரி ஹிக்கின்ஸ் கிளார்க்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1964-இல் கணவர் இறந்தபோது அவருக்கு ஐந்து பிள்ளைகள். வேலைக்கும் போய்க்கொண்டு, பிள்ளைகள் எழுந்திருப்பதற்கு முன் காலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினார். 1975-இல் வந்த அவருடைய முதல் சஸ்பென்ஸ் நாவல் 'வேர் ஆர் தி சில்ட்ரன்?'. தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். ஒரு தாயின் பயம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தவர் எழுதிய புத்தகம் அது. ரத்தமும் ஆபாசமும் இல்லாமலே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். அவருடைய வேறு நாவல்களில் ஒன்றை எடுங்கள். இதையே படித்துத்தான் ஆக வேண்டும் என்றால், பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதைத் தனிமடலில் சொல்கிறேன். நான் அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் படித்தேன், சஸ்பென்ஸ் எள்ளளவும் குறையவில்லை.

ஸ்டோரிகிராஃப் என்ற தளம் இருக்கிறது. ஒரு புத்தகத்தில் மனதை உலுக்கும் விஷயங்கள் என்னென்ன வருகின்றன என்று படித்தவர்களே குறித்து வைத்திருப்பார்கள். குழந்தை மரணம், கடத்தல், கருச்சிதைவு என்று தனித்தனியாகப் பார்க்கலாம். ஆங்கில நாவலை எடுக்கும் முன் நான் அங்கேதான் முதலில் போவேன். தமிழ்ப் புத்தகங்களுக்கு அங்கே குறிப்புகள் கிடைப்பது அரிது. அதற்கு இங்கேதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கறுப்புப்பூனை எழுதியது:

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குற்ற நாவல் என்பது நம்மைத் தொந்தரவு செய்யத்தான் இருக்கிறது. குழந்தைக்கு ஆபத்து வரும் கதையைத் தள்ளு, பெண்ணுக்கு வரும் கதையைத் தள்ளு என்று வடிகட்டிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது குறுக்கெழுத்துப் போட்டிதான். பெற்றோருக்குத்தான் அந்தப் பயம் முழுசாகப் புரியும், அவர்கள்தான் அதைப் படிக்க வேண்டும்.

ஆதிரையின் அப்பா எழுதியது:

கறுப்புப்பூனை, நீங்கள் சொல்வதில் ஒரு பாதி சரி. என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கும் இதே நிலைதான், இப்போது படிக்க முடிகிறது. இது காலத்தோடு மாறும். தூக்கம் இல்லாமல், உடம்பு தேறாமல், பயத்தோடு இருக்கிற ஒருவரிடம் போய் அதைப் படித்தே ஆக வேண்டும் என்று சொல்வது நியாயம் இல்லை. அவர் இலக்கியத்தை மறுக்கவில்லை. இந்த வருடத்துக்கு வேறொன்று கேட்கிறார், அவ்வளவுதான்.

மறுபாதியில் எனக்கு வலுவான மறுப்பு உண்டு. கதை தொய்ந்து போகும்போது பதற்றம் ஏற்ற ஒரு குழந்தையைக் கொண்டுவந்து கத்திக்கு எதிரே நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் குழந்தைக்குப் பெயர் இருக்காது, பேச்சு இருக்காது, பிடித்த பொம்மைகூட இருக்காது. இது எழுதுகிறவரின் சோம்பல். குழந்தையின் வலியையே விஷயமாக எடுத்து எழுதுவது முற்றிலும் வேறு. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' தொலைக்காட்சியில் 'விடாது கருப்பு' ஆனதே, அதில் ஒரு சிறுவன் படும் பாடு எவ்வளவு பேருக்கு இன்னும் மறக்கவில்லை! பயம் காட்டுவதற்காக அதைச் சேர்க்கவில்லை. அது இல்லாமல் அந்தக் கதையே இல்லை. இரவுவாசகி, அதையும் தள்ளி வையுங்கள், ஆனால் ஒருநாள் கட்டாயம் வாருங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமான பிறகு நான் அவரை மறுபடி வரிசையாகப் படித்துவருகிறேன். கோவில், சித்தர், ஊர்க் காவல் தெய்வம் என்று நம் மண்ணிலிருந்தே மர்மத்தைத் தோண்டி எடுத்தவர்.

தாதர்தமிழச்சி எழுதியது:

இன்னும் யாரும் அம்பையைச் சொல்லவில்லையே! 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு', காலச்சுவடு வெளியீடு. மூன்று நீண்ட துப்பறியும் கதைகள். துப்பறிவாளர் சுதா குப்தா மும்பையில் இருக்கும் நடுவயதுப் பெண், கொஞ்சம் பருமன். வரன் பார்க்கும் வீடுகளுக்காக மாப்பிள்ளை, பெண் பற்றி விசாரித்துச் சொல்வதுதான் அவருடைய அன்றாடப் பிழைப்பு. போலீஸ் உதவி கேட்டால் பெரிய வழக்குகளுக்கும் போவார். வீடு, குடும்பம், சமையல், ரயில் நெரிசல் எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் யோசிக்கிறார். துப்பறிகிறவர் என்றால் ஒரு லெதர் ஜாக்கெட்டும் பைக்கும் என்று படித்து வளர்ந்த எனக்கு, ஒரு குடும்பத் தலைவி உட்கார்ந்து ஒரு வீட்டின் பொய்யைக் கண்டுபிடிப்பதைப் பார்த்தது அவ்வளவு நிறைவாக இருந்தது. சமையலறையில் பேசுகிற ஒரு வரியிலிருந்து அந்த வீட்டில் என்ன சரியில்லை என்று மோப்பம் பிடிப்பதற்கு நம் பெண்களுக்கு யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை.

முன்பே சொல்லிவிடுகிறேன்: மூன்றில் ஒரு கதை சிறுமிகள் காணாமல் போவதைப் பற்றியது. அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் முதலில் படியுங்கள். தனித்தனிக் கதைகள் என்பதால் ஒன்றும் குறையாது.

பைண்டுபுத்தகம் எழுதியது:

தாதர்தமிழச்சி, மிக நல்ல பரிந்துரை. நான் தொடர்கதையைப் பிடித்துக்கொண்டே பேசினேன், நீண்ட சிறுகதை என்ற வடிவத்தை விட்டே விட்டேன். அதே வழியில் ஜெயமோகனின் ஔசேப்பச்சன் கதைகளையும் சேர்க்கலாம். 'பத்துலட்சம் காலடிகள்' என்ற பெயரில் தொகுப்பாக இருக்கிறது, 2020 ஊரடங்கு சமயத்தில் அவர் தளத்திலேயே வெளியான கதைகள். கேரளத்தில் போலீஸ் வேலையை விட்டு வந்த ஒருவர், நண்பர்கள் கூடியிருக்கும்போது தான் பார்த்த வழக்கைச் சொல்கிறார். ஒரு ராத்திரிக்கு ஒரு வழக்கு என்று வைத்துக்கொள்ளலாம். யார் செய்தார் என்பதைவிட ஏன் செய்தார் என்பதில்தான் அவருக்கு நாட்டம். மெதுவாகப் போகும், அதற்குத் தயாராக இருங்கள்.

தெம்பனிஸ்அம்மா எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. இங்கே தேசிய நூலக உறுப்பினர் என்றால் லிபி செயலியில் தமிழ் மின்னூல்களையே இலவசமாக எடுக்கலாம். நான் பாதிக்கு மேல் அப்படித்தான் படிக்கிறேன். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் போன். எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணியைக் கறுப்பாக்கி, வெளிச்சத்தைக் குறைத்துவிட்டால் தொட்டிலுக்கு வெளிச்சம் போகாது. தவணை முடிந்தால் நூல் தானாகத் திரும்பிப் போய்விடும், தாமதக் கட்டணம் கிடையாது. பிள்ளை வைத்திருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

ஒலிநூலையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டோரிடெல்லிலும் குக்கூ எஃப்எம்மிலும் தமிழில் கதைகள் இருக்கின்றன. துணி மடிக்கும்போது ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்பேன், இன்னொரு காது பிள்ளைக்கு. சஸ்பென்ஸுக்கு நல்ல குரல் அமைந்தால் படிப்பதைவிட நன்றாக இருக்கும். பரபரப்பான இடத்தில் பின்னணி இசையைப் போட்டுக் கத்தினால் மட்டும் உடனே அணைத்துவிடுவேன்.

என் கணவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவருக்காக பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் கொண்டுவந்த தமிழ் பல்ப் (மலிவு விலை ஜனரஞ்சக) கதைத் தொகுப்பை வாங்கினேன். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், இந்திரா சௌந்தர்ராஜன் எல்லோரும் ஆங்கிலத்தில். நான் எதைப் படித்து வளர்ந்தேன் என்று அவருக்கு ஒருவழியாகப் புரிந்தது.

கணக்குவாத்தியார் எழுதியது:

தலைப்பைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது, ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோ. 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்', ஜப்பானில் 2005-இல் வந்தது, நவோகி பரிசு பெற்றது. தனியாக மகளை வளர்க்கும் ஒரு தாய், பக்கத்து வீட்டில் ஒரு கணித ஆசிரியர். கொலை ஆரம்பத்திலேயே நடந்துவிடும். யார் செய்தது, யார் செத்தது எல்லாம் வாசகருக்குத் தெரியும். அப்படியும் கடைசிவரை கீழே வைக்க முடியாது. பெற்றோருக்கு ஏன் ஏற்றது என்றால், ஆட்கள் குறைவு, யார் யார் என்று குழம்ப வழியே இல்லை. ஒரு வாரம் கழித்து எடுத்தாலும் எங்கே விட்டோம் என்று உடனே பிடித்துவிடலாம். குழந்தைக்கு வன்முறையா என்று கேட்பீர்கள்: மகள் பள்ளிக்குப் போகும் வயதுப் பெண், முதல் அத்தியாயங்களில் ஒரு கைகலப்பில் அவளும் இருக்கிறாள். அதைத் தாண்டிவிட்டால் மிச்சம் எல்லாம் மூளைக்குத்தான் வேலை.

ஆதிரையின் அப்பா எழுதியது:

இந்த இழையிலேயே இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். நான் படிப்பதையே ஆதிரையும் படிக்க ஆசைப்படுகிறாள். பழைய பாக்கெட் நாவல்களின் அட்டைப் படம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கதையில் ஒன்றுமே இருக்காது, அட்டையில்தான் எல்லாம் இருக்கும். அவற்றை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன். கணேஷ்-வசந்த் கதைகளையும் இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும் என்றிருக்கிறேன், வசந்தின் பேச்சு பன்னிரண்டு வயதுக்கு ஆகாது.

இப்போது இருவரும் சேர்ந்து படிப்பது சத்யஜித் ராயின் ஃபெலுடா. தமிழில் பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன் வரிசையில் சின்னச் சின்னப் புத்தகங்களாக வந்திருக்கின்றன. தன் தாத்தா தொடங்கிய 'சந்தேஷ்' சிறுவர் பத்திரிகைக்காக 1965-இல் ராய் இதை எழுத ஆரம்பித்தார். பிள்ளைகள் படிக்கும் பத்திரிகை என்பதால் தகாத உறவு, கோரமான கொலை இவற்றைத் தவிர்த்தே கதை பின்ன வேண்டியிருந்தது. கறுப்புப்பூனை அவர்களே, வடிகட்டினால் குறுக்கெழுத்துதான் மிஞ்சும் என்றீர்களே, இதைப் படித்துப் பாருங்கள். கதையைச் சொல்வது ஃபெலுடாவின் தம்பி முறையான தோப்ஷே என்ற பையன். அவனுக்கு என்ன தெரியுமோ அதுதான் நமக்கும் தெரியும். ஆதிரை ஒரு பக்கத்தை மூடி வைத்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்கப்பா, யார் திருடன்?" என்று கேட்பாள். நான் ஒருவனைச் சொல்வேன், அவள் இன்னொருவனைச் சொல்வாள். அடுத்த பக்கத்தைத் திருப்பும்வரை அம்மாவைக்கூட அறைக்குள் விடமாட்டாள்.

இதே வயதுக்கு வேறு என்னவெல்லாம் இருக்கிறது?

சாம்புரசிகர் எழுதியது:

தேவனின் 'துப்பறியும் சாம்பு'வைத் தவிர வேறென்ன! 1942-இல் ஆனந்த விகடனில் ஆரம்பித்தது. வங்கி குமாஸ்தா, எல்லோரும் அசடு என்று நினைக்கும் ஆள், தப்பாக ஏதோ ஒன்றைச் செய்யப்போக வழக்கு தானாகத் துலங்கிவிடும். ஒவ்வொன்றும் தனிக் கதை, பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்ட அருமையாக இருக்கும். அக்காலத்துப் பிராமண வீட்டுப் பேச்சும் பழைய சென்னை இடங்களும் வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு அதே தேவனின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்', முழுக்க ஒரு கொலை வழக்கு விசாரணை. ஜூரிகள் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன காலத்து நீதிமன்றம் கண்முன்னே விரியும். அதுவும் தொடர்கதைதான், பைண்டுபுத்தகம் சொன்ன இலக்கணத்துக்கு அப்படியே பொருந்தும்.

படக்கதை பிடித்த பிள்ளை என்றால் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் ஆரம்பித்தபோது படித்த பையன்கள் இப்போது பேரன்களுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள்.

நூலகஅலமாரி எழுதியது:

நான் பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். புது எழுத்தாளரைத் தேடி வரும் பெற்றோர் தினமும் வருகிறார்கள், பார்த்ததைச் சொல்கிறேன்.

'சஸ்பென்ஸ் நாவல் எங்கே?' என்று கேட்டால் எங்கள் ஆட்கள் க்ரைம் நாவல் அடுக்கைத்தான் காட்டுவார்கள். அம்பை சிறுகதை வரிசையில் இருப்பார், தேவன் நகைச்சுவையில் இருப்பார், ராய் சிறுவர் பகுதியில் இருப்பார். அடுக்கை நம்பினால் பாதிப் பேரைத் தவறவிட்டுவிடுவீர்கள். திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் அடுக்காமல் மேஜையில் குவிந்திருக்கும். அந்தக் குவியலைக் கொஞ்சம் புரட்டுங்கள். மக்கள் உண்மையில் எதைப் படிக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். கடைசிப் பக்கத் தேதிச் சீட்டில் முத்திரை நெருக்கமாக இருந்தால் அது கையைவிட்டுக் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும் புத்தகம். மதுரைக்காரர்கள் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் பிள்ளைகளோடு போங்கள். சிறுவர்களுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது.

பணம் செலவழிக்காமல் படிக்க விரும்புகிறவர்களுக்கு இலவச இணைய நூலகமான விக்கிமூலத்தில் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்கள் இருக்கின்றன. நூறு வருடத்துக்கு முந்தைய தமிழ்த் துப்பறியும் கதை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நல்லது. வாக்கியம் ஒவ்வொன்றும் ஒரு பத்தி நீளம் ஓடும், தூக்கக் கலக்கத்தில் எடுக்காதீர்கள்.

இன்றைக்கு எழுதும் புதியவர்கள் வேண்டுமென்றால், யாரும் கதை எழுதிப் போடக்கூடிய பிரதிலிபி தளத்தில் தேடுங்கள். தரம் ஏறியும் இறங்கியும் இருக்கும், நாமேதான் பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள்: முடிந்த தொடரா என்று பார்த்து ஆரம்பியுங்கள். கொலைகாரன் யார் என்று சொல்லாமலே எழுதுகிறவர் பாதியில் நிறுத்திவிட்ட கதைகள் அங்கே நிறைய.

கறுப்புப்பூனை எழுதியது:

ஆதிரையின் அப்பா, ஃபெலுடாவை எடுக்கிறேன். குழந்தைக்குப் பெயர்கூட வைக்காமல் கத்திமுனையில் நிறுத்துவது சோம்பல் என்றீர்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். படித்தே ஆக வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் என் கட்சி அதுதான், எப்போது என்பதை அவரவர் முடிவு செய்யட்டும்.

இரவுவாசகி எழுதியது:

இவ்வளவு பதில்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. 'கொலையுதிர் காலம்' கிண்டிலில் இறக்கி ஆரம்பித்துவிட்டேன். பைண்டுபுத்தகம் அண்ணா சொன்னது அப்படியே நடக்கிறது. நேற்று ஒரு அத்தியாயத்தின் நடுவில் பாப்பா எழுந்துவிட்டாள், இன்று மதியம்தான் திரும்ப எடுத்தேன், இரண்டு வரியிலேயே எங்கே விட்டேன் என்று தெரிந்துவிட்டது. பேய்தானா இல்லையா என்ற கேள்வியோடே இட்லி ஊற்றினேன்.

அடுத்தது சுதா குப்தா, தாதர்தமிழச்சி சொன்ன வரிசையில். ஹிகாஷினோவை என் கணவருக்குச் சிபாரிசு செய்தேன், அவர் என்னை முந்திவிட்டார், முடிவைச் சொல்லாமல் இருக்க மிகவும் சிரமப்படுகிறார். தேநீர்ஜன்னல், உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன். அந்த இரண்டு பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் சொல்லுங்கள், பிறகு எடுப்பதா வேண்டாமா என்று பார்க்கிறேன்.

தேநீர்ஜன்னல் எழுதியது:

பதில் போட்டுவிட்டேன், பாருங்கள். தமிழ் நாவல்களுக்கும் இப்படி ஒரு குறிப்பு வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, இந்த இழையிலேயே தொடங்கலாம். யார் எந்தச் சஸ்பென்ஸ் நாவலைப் படித்தாலும் மூன்று விஷயம் எழுதிவிடுங்கள்: தொடராக வந்ததா, அத்தியாயம் எவ்வளவு நீளம், குழந்தைக்கு ஆபத்து வருகிறதா, வந்தால் கண்ணெதிரிலா அல்லது பழைய சம்பவமாகவா. முடிவை எழுத வேண்டாம், தேவைப்படுபவர் தனிமடலில் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் இந்த வாரம் 'கரையெல்லாம் செண்பகப்பூ' எடுக்கிறேன். முடித்ததும் முதல் குறிப்பு என்னுடையது.